ஸ்பேம் பெட்டியில் சிக்கும் நல்ல மடல்கள்: வடிகட்டியைப் பதமாக அமைக்கும் முறை

ஸ்பேம் வடிகட்டி செய்யக்கூடிய பிழைகள் இரண்டு. குப்பை மடலை இன்பாக்ஸுக்குள் விட்டுவிடுவது ஒன்று, வேண்டிய மடலைக் குப்பையில் தள்ளிவிடுவது மற்றொன்று. முதல் பிழை உடனே கண்ணில் படும். எரிச்சலோடு அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். இரண்டாவது பிழை நடந்தது நமக்குத் தெரியாமலே போய்விடும். ஆத்தங்குடிக் கல் வேண்டும் என்று கேட்டு எழுதியவருக்குப் பதில் போகாவிட்டால், அவர் மறுபடியும் எழுதி நம்மை எழுப்ப மாட்டார். வேறொரு பட்டறைக்கு எழுதிவிடுவார். ஆகவே வடிகட்டியைச் சரிசெய்ய உட்காருபவர், குப்பையை எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்பதற்கு முன்னால், நல்ல மடல் ஒன்றுகூடத் தொலையாமல் இருக்க என்ன வழி என்று கேட்க வேண்டும். கீழே சொல்லும் வேலைகளின் வரிசை அந்தக் கேள்வியிலிருந்துதான் வருகிறது.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் அடங்கிய செட்டிநாட்டு வட்டாரத்தில் மின்னஞ்சலை நம்பியிருக்கும் தொழில்கள் ஓரளவு ஒரே சாயல் கொண்டவை. தரைக்கல் பட்டறை, கண்டாங்கிச் சேலை, பழைய மரச்சாமான், வெளியூருக்குப் போகும் பலகாரம், விருந்தினர் தங்கும் பழைய வீடுகள் என எதை எடுத்தாலும், முக்கியமான மடல் முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து, முதல் முறையாக வருகிறது. அறிமுகமில்லாத ஆளையும் அயல்நாட்டு முகவரியையும் ஐயத்தோடு பார்ப்பதற்கென்றே வடிகட்டி செய்யப்பட்டிருக்கிறது. நம் வருமானம் எந்த வாசல் வழியாக வருகிறதோ, அதே வாசலில்தான் காவலும் கடுமையாக இருக்கிறது.

குடும்ப மடல்களின் நிலை இன்னும் மோசம். பல பங்காளிகளுக்குப் பொதுவான ஒரு வீட்டைப் பற்றிப் பினாங்கில் இருக்கும் அண்ணன் மகன் ஆங்கிலத்தில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் 'அவசரம்' என்று தொடங்குகிறது. காலஞ்சென்ற ஐயாவின் சொத்து, வாரிசுகளின் பங்கு, வங்கிக் கணக்கு எண், அனுப்ப வேண்டிய தொகை, வெளியே யாருக்கும் சொல்ல வேண்டாம் என்ற கோரிக்கை எல்லாம் உள்ளே இருக்கின்றன. நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில், முகவரிகளை மறைத்து, இலவச மின்னஞ்சல் கணக்கிலிருந்து மடல் போகிறது. வில்லங்கச் சான்றின் ஸ்கேன் இணைப்பாக வருகிறது. 'உங்களுக்கு ஒரு பெரும் சொத்து வரவிருக்கிறது, முதலில் கொஞ்சம் பணம் அனுப்புங்கள்' என்று உலகெங்கும் சுற்றும் மோசடி மடலுக்கும் இதற்கும் சொற்களின் அளவில் வேறுபாடு மிகக் குறைவு. வடிகட்டியைக் குறை சொல்லவும் முடியாது. கடல் கடந்த சொத்தும் வாரிசுப் பங்கும் நமக்கு நாள்தோறும் புழங்கும் பேச்சு என்பது அதற்கு எப்படித் தெரியும்?

வடிகட்டி எப்படி முடிவெடுக்கிறது

பெரும்பாலான வடிகட்டிகள் மதிப்பெண் போட்டுத்தான் முடிவு செய்கின்றன. தலைப்பு முழுதும் பெரிய எழுத்தா, எழுத்தே இல்லாமல் படம் மட்டுமா, அனுப்பிய சர்வர் (மடல்களைக் கையாளும் கணினி) தடைப்பட்டியலில் உள்ளதா, இணைப்பு முகவரி சுருக்கப்பட்டதா என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணைக் கூட்டுகின்றன. சொந்த டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) வைத்திருக்கும் சிறு நிறுவனங்களின் ஹோஸ்டிங்கில், அதாவது தளத்துக்கும் மடலுக்கும் வாடகைக்கு எடுத்த சர்வரில், பரவலாக இருக்கும் ஸ்பேம்அசாசின் என்ற மென்பொருளில், கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் ஸ்பேம் என்பது இயல்பான அமைப்பு. எந்த ஒரு குற்றமும் தனியாக மடலை வீழ்த்துவது அரிது. சின்னச் சின்ன ஐயங்கள் சேர்ந்துதான் வீழ்த்துகின்றன.

இன்னொரு வகை, சொற்களைக் கற்றுக்கொள்ளும் பேயீசியன் முறை. ஒரு சொல் குப்பை மடல்களில் எத்தனை முறை வருகிறது, நல்ல மடல்களில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, புதிய மடலின் நிகழ்தகவை அது கணிக்கிறது. 2002-இல் பால் கிரஹாம் இம்முறையைப் பரவலாக்கியபோது, நல்ல மடல்களில் வரும் சொற்களின் எண்ணிக்கையை வேண்டுமென்றே இரட்டிப்பாக்கிக் கணக்கிட்டார். நல்ல மடலை இழப்பது குப்பையை உள்ளே விடுவதைவிடப் பெரிய கேடு என்ற நிலைப்பாட்டைக் கணக்குக்குள்ளேயே வைத்துவிட்டார் என்று சொல்லலாம். நம் அமைப்புகளிலும் சாய்வு அந்தப் பக்கமே இருக்க வேண்டும்.

தமிழில் எழுதிய மடலுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். அதனால் மடல் பெரும்பாலும், எதையும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த சரமாக மாற்றும் பேஸ்64 என்ற குறியாக்கத்தில் பயணம் செய்கிறது. குப்பை அனுப்புபவர்களும் சொற்களை மறைக்க அதே குறியாக்கத்தைக் கையாண்டிருப்பதால், ஸ்பேம்அசாசினில் அதற்கென ஒரு விதியே இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பும் பெரியவர்களின் மடல் இன்னும் பாவம். வடிகட்டியின் கண்ணுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல். அவர்களை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது, வடிகட்டியில் பத்து விதி எழுதுவதைவிட நல்ல தீர்வு.

முதல் வேலை: தானாக அழிப்பதை நிறுத்துவது

வேறு எதைத் தொடுவதற்கு முன்னும், உங்கள் மடல் எங்கெல்லாம் காணாமல் போகக்கூடும் என்று பாருங்கள். ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனல் என்ற தளத்துக்குள் 'ஸ்பேம் ஃபில்டர்ஸ்' என்ற பக்கம் இருக்கும். அங்கே, குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டிய மடல்களைத் தானாக அழிக்கும் வசதி ஒன்று உண்டு. அது இயங்கிக்கொண்டிருந்தால் உடனே அணைத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஸ்பேம் பெட்டி என்ற தனி ஃபோல்டருக்கு மடல்களை அனுப்பும் வசதியை இயக்குங்கள். நம் ஊர் வீடுகளில் தெரியாத ஆள் வந்தால் வாசலோடு விரட்டுவதுமில்லை, நேரே வளவுக்குள் கூட்டிப்போவதுமில்லை. திண்ணையில் உட்காரவைத்து யார், எவர் என்று விசாரிக்கிறோம். ஸ்பேம் பெட்டியின் வேலை அதுவே.

அடுத்தது, அந்தப் பெட்டி உங்கள் கண்ணில் படுகிறதா என்பது. அலுவலகக் கணினியில் பாப்3 முறையில் மடல்களை இறக்கிக்கொள்பவர்களுக்கு இன்பாக்ஸ் மட்டுமே வந்து சேரும். சர்வரில் உள்ள ஸ்பேம் ஃபோல்டர் வரவே வராது. கணக்குப்பிள்ளை நாள் முழுதும் அவுட்லுக்கைத் திறந்துவைத்திருந்தாலும், சர்வரில் மாதக்கணக்காகக் குவிந்து கிடப்பதை அவர் அறிய வழியில்லை. கணக்கை ஐமேப் முறைக்கு மாற்றினால் எல்லா ஃபோல்டர்களும் தெரியும். மாற்ற முடியாத இடங்களில், பிரவுசர் வழியாக சர்வருக்குள் நுழைந்து பார்ப்பதை ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கணினியில் நிறுவிய பழைய வகை அவுட்லுக்கில் சர்வரின் வடிகட்டிக்கு மேலே இரண்டாவது வடிகட்டி ஒன்றும் இருக்கிறது. அதில் வடிகட்டலே வேண்டாம், குறைவு, அதிகம், பாதுகாப்பான பட்டியலில் உள்ளவர் மட்டும் என நான்கு நிலைகள் உண்டு. நான்காவது நிலையில் வைத்திருந்தால் புதிய வாடிக்கையாளர் எவருடைய மடலும் இன்பாக்ஸுக்கு வராது. சர்வரில் ஏற்கெனவே நல்ல வடிகட்டி இருக்குமானால், இங்கே 'குறைவு' போதும். இதே அமைப்பில் வெளிநாட்டு மடல்களுக்கான ஒரு தாவல் உண்டு; நாட்டுக் குறியீட்டில் முடியும் முகவரிகளை மொத்தமாகத் தடுக்க அது உதவுகிறது. யாரோ ஒருவர் ஒரு நாள் எரிச்சலில் நீண்ட பட்டியலைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போயிருந்தால், மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, மியான்மர் நாட்டுக் குறியீடுகளும் அதில் சேர்ந்திருக்கக்கூடும். செட்டிநாட்டில் இந்த நாலையும் அடைப்பது உறவினர் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். பட்டியலைத் திறந்து பார்த்து நீக்குங்கள்.

ஜிமெயிலில் ஸ்பேம் பெட்டிக்குப் போனது 30 நாளில் தானே அழிந்துவிடும். அந்தக் கெடுவை மாற்றவும் முடியாது. வாரம் ஒருமுறையாவது பார்ப்பது என்ற பழக்கத்துக்கு அதுவே போதிய காரணம். 'புரொமோஷன்ஸ்' தாவலை ஸ்பேம் என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். அது இன்பாக்ஸின் ஒரு பகுதியே. அங்குள்ள மடல்கள் தானாக அழிவதில்லை.

பெட்டியைத் தேடிப் பார்க்கும் முறை

நூற்றுக்கணக்கான குப்பை மடல்களை வரிசையாக வாசித்தால் கண் சோர்ந்துவிடும். சோர்ந்த கண்ணுக்கு நல்ல மடலும் குப்பையாகவே தெரியும். ஆகவே தேடுங்கள். ஜிமெயிலில் தேடல் பெட்டியின் ஓரத்தில் உள்ள குறியைத் தட்டினால் ஒரு படிவம் விரியும். அதில் தேடும் இடமாக ஸ்பேமைத் தேர்ந்தெடுத்து, உங்கள் தொழிலுக்கே உரிய சொற்களை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஊர்ப் பெயர், கடைப் பெயர், வீட்டின் விலாசம், பொருளின் பெயர் ஆகியவை நல்ல தூண்டில்கள். 'ஆர்டர்', 'பேமென்ட்', 'இன்வாய்ஸ்' போன்றவற்றால் பயனில்லை. குப்பை அனுப்புபவர்களுக்கு மிகப் பிடித்த சொற்கள் அவை.

இங்கே எழுத்துக்கூட்டலைக் கவனிக்க வேண்டும். ஆத்தங்குடியை ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் முதல் எழுத்தை ஒரு முறையும் இரு முறையும் எழுதுகிறார்கள். சிலர் 'டி'க்குப் பின் 'எச்' சேர்க்கிறார்கள். சிலர் 'எச்' இல்லாமல் 'டி'யை இரட்டிக்கிறார்கள். காரைக்குடிக்கு ஒரு 'கே'யும் உண்டு, இரண்டு 'கே'யும் உண்டு. ஜிமெயில் சொல்லின் பாதியைக் கொடுத்தால் முழுச் சொல்லைக் கண்டுபிடித்துத் தராது என்பதால், ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகக் கொடுத்து, இடையில் 'ஆர்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் இட வேண்டும். எந்தெந்த வடிவங்கள் என்பதைப் பழைய வாடிக்கையாளர் மடல்களிலிருந்தே திரட்டலாம்; அயல்நாட்டார் எப்படியெல்லாம் எழுதுகிறார்கள் என்று பார்ப்பதே ஒரு வேடிக்கை.

பட்டியல் கைக்கு வந்தபின் அதையே நிரந்தர வடிகட்டியாக்கிவிடலாம். அதே படிவத்தில் வடிகட்டி உருவாக்கும் பொத்தானை அழுத்தி, 'ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே' என்ற பொருள் தரும் கட்டத்தைக் குறித்து, ஒரு லேபிளையும் சேர்த்துவிடுங்கள். உலகெங்கும் கோடிக்கணக்கில் அனுப்பப்படும் குப்பை மடலில் ஆத்தங்குடியும் கானாடுகாத்தானும் வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. முகவரியை வைத்து அனுமதிப்பதைவிட இத்தகைய அரிய சொல்லை வைத்து அனுமதிப்பதே, முன்பின் தெரியாத வாடிக்கையாளரை நம்பியிருக்கும் தொழிலுக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து.

கற்பிப்பது

ஸ்பேம் பெட்டியில் நல்ல மடலைக் கண்டால், அதை இழுத்து இன்பாக்ஸில் போட்டுவிடுவதோடு நிற்காமல், 'ஸ்பேம் அல்ல' என்ற பொத்தானை அழுத்துங்கள். அனுப்பியவரைத் தொடர்புகளில் சேர்த்து, ஒரு வரியாவது பதில் எழுதுங்கள். இந்தச் செயல்கள் எல்லாம் வடிகட்டிக்குச் சான்றாகின்றன.

எதிர்த்திசையில் கற்பிக்கும்போது நிதானம் வேண்டும். நாமே கேட்டுப் பதிவு செய்துகொண்ட கடை விளம்பரமோ செய்திமடலோ அலுத்துப்போனால், அதன் அடியில் உள்ள விலகல் இணைப்பைப் பயன்படுத்த வேண்டுமே தவிர, ஸ்பேம் என்று குறிக்கக் கூடாது. ஒழுங்காக நடக்கும் நிறுவனத்தின் மடலைக் குப்பை என்று சொல்லிக்கொடுத்தால், நாளை அதே நிறுவனத்தின் பில்லும் குப்பைக்குப் போகும். யாரென்றே தெரியாதவரின் மடலில் உள்ள விலகல் இணைப்பை மட்டும் தொடாதீர்கள். இந்த முகவரி உயிரோடிருக்கிறது என்று அவருக்கு நாமே அறிவித்ததாகிவிடும்.

ஸ்பேம்அசாசினின் கற்கும் பகுதி, குறைந்தது 200 குப்பை மடலையும் 200 நல்ல மடலையும் பார்க்கும் வரை வேலையைத் தொடங்குவதே இல்லை. குப்பையை எல்லோரும் காட்டுகிறார்கள். நல்ல மடலைக் காட்ட மறந்துவிடுகிறார்கள். உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தாரிடம் சொல்லி, பழைய வாடிக்கையாளர் மடல்கள் உள்ள ஃபோல்டரையும், தமிழில் வந்த குடும்ப மடல்களையும் நல்லவை என்ற பெயரில் கற்பிக்கச் செய்யுங்கள். பங்கு, வாரிசு, புள்ளி வரி (கோயிலுக்குக் குடும்பக் கணக்கில் கொடுக்கும் வரி), கும்பாபிஷேகம் என்ற சொற்களெல்லாம் இந்தக் கணக்கில் நல்ல சொற்கள் என்று அதற்குப் பதிவாகும். பினாங்கு மடலைக் காப்பாற்றும் வழிகளில் இதைவிடச் சிறந்தது இல்லை.

அனுமதிப் பட்டியல் சுருக்கமாக இருக்கட்டும்

நல்ல மடல் ஒன்று தொலைந்ததும் பதறிப்போய் ஜிமெயில் முகவரிகள் அனைத்தையும் அனுமதிப் பட்டியலில் போட்டுவிடுவோர் உண்டு. இலவச முகவரியை எவரும் எடுக்கலாம் என்பதால், அது வடிகட்டியை எடுத்துவிடுவதற்கு ஏறத்தாழ ஒப்பு. அதைவிட ஆபத்தானது சொந்த டொமைனைப் பட்டியலில் சேர்ப்பது. முதலாளியின் பெயரிலும் முகவரியிலும் போலி மடல் செய்து, 'இந்தக் கணக்குக்கு உடனே பணம் போடு' என்று கணக்காளருக்கு அனுப்புவது மோசடியில் ஒரு நிலைத்த வகை. சொந்த டொமைனுக்குக் கண்ணை மூடி அனுமதி கொடுத்திருந்தால் அந்த மடல் நேராக உள்ளே வந்துவிடும்.

ஸ்பேம்அசாசினில் வெறும் முகவரியை மட்டும் பார்த்து அனுமதிக்கும் விதியும் உண்டு, அம்முகவரி உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்து வந்ததா என்று சரிபார்த்தபின் அனுமதிக்கும் விதியும் உண்டு. இரண்டாவதையே கேளுங்கள். விருந்தினர் பதிவுத் தளங்களில் சில, ஒவ்வொரு விருந்தினருக்கும் தனித்தனி இடைமுகவரியை உருவாக்கி அதன் வழியாக மடலை அனுப்புகின்றன. அங்கே முகவரியைச் சேர்த்துப் பயனில்லை, அத்தளத்தின் டொமைனையே சேர்க்க வேண்டும். அரசுத் துறைகளின் மடலுக்கும் இது பொருந்தும். சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 169-ஆம் பிரிவு, பதிவின்போது கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புவதையும் நோட்டீஸ் சேர்க்கும் முறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஸ்பேமில் கிடந்தது என்று பிறகு சொல்லிக்கொண்டிருப்பதைவிட, ஜிஎஸ்டி தளத்துக்குள்ளேயும் நுழைந்து அவ்வப்போது பார்த்துவிடுவது நல்லது.

மதிப்பெண் வரம்பைக் கடைசியாகத் தொடுங்கள்

பலர் முதலில் கை வைப்பது இதில்தான். குப்பை அதிகமானால் வரம்பை 5-இலிருந்து 3-க்கு இறக்குகிறார்கள், நல்ல மடல் தொலைந்தால் 10-க்கு ஏற்றுகிறார்கள். இரண்டும் குருட்டாம்போக்கு. மடலின் மூல வடிவத்தைத் திறந்தால், தலைப்பகுதியில் 'எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ்' என்ற வரி இருக்கும். மடல் பெற்ற மதிப்பெண்ணும், எந்தெந்த விதிகள் பிடித்தன என்பதும் அதில் எழுதியிருக்கும். இரண்டு வாரம் வந்த நல்ல மடல்களின் மதிப்பெண்ணை ஒரு பத்தியிலும், குப்பை மடல்களின் மதிப்பெண்ணை இன்னொரு பத்தியிலும் எழுதி வையுங்கள். நல்ல மடல்களில் மிக உயர்ந்தது 6.2 ஆகவும், குப்பையில் பெரும்பகுதி 9-க்கு மேலாகவும் இருந்தால், வரம்பை 7-இல் வைக்கலாம் என்பது தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரு பத்திகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகிடந்தால், வரம்பை எங்கே வைத்தாலும் பயனில்லை. கற்பிப்பது போதவில்லை என்று பொருள்.

ஒரே விதி நல்ல மடல்களில் திரும்பத் திரும்ப வருகிறதா என்றும் பாருங்கள். அப்படி வந்தால் மொத்த வரம்பை ஏற்றாமல், அந்த ஒரு விதியின் மதிப்பெண்ணை மட்டும் குறைப்பது நுட்பமான வழி. சிபேனலிலேயே அதற்கு இடமிருக்கிறது.

இணையதளப் படிவம் என்ற ஓட்டை

விருந்தினர் வீடுகளும் பட்டறைகளும் அதிகம் மடலை இழப்பது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஆனால் வடிகட்டியைப் பற்றிப் பேசும்போது இதை யாரும் எடுப்பதில்லை. உங்கள் இணையதளத்தில் 'எங்களைத் தொடர்புகொள்ள' என்ற படிவம் இருக்கிறது. பார்வையாளர் தம் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் எழுதி அனுப்புகிறார். மலிவாகச் செய்த தளங்களில் அந்தப் படிவம், பார்வையாளரின் முகவரியையே 'அனுப்புநர்' இடத்தில் போட்டு உங்களுக்கு மடல் அனுப்புகிறது. பார்க்க வசதியாக இருக்கிறது. பதில் பொத்தானை அழுத்தினால் நேரே அவருக்குப் போகிறது. ஆனால் அந்த மடலை அனுப்பியது உங்கள் ஹோஸ்டிங் சர்வர். பார்வையாளரின் மின்னஞ்சல் நிறுவனம் அன்று. வடிகட்டியின் பார்வையில் இது போலி மடல்.

எஸ்பிஎஃப் என்பது, ஒரு டொமைனின் பெயரில் மடல் அனுப்ப உரிமை பெற்ற சர்வர்களின் பட்டியல். டிகிம் என்பது மடலில் அந்த டொமைன் இடும் மின்னணுக் கையொப்பம். இவை இரண்டும் பொருந்தாவிட்டால் மடலை என்ன செய்ய வேண்டும் என்று டொமைன் உரிமையாளர் அறிவிப்பது டிமார்க். 2014 ஏப்ரலில் யாகூ, தன் முகவரியில் வரும் பொருந்தாத மடல்களை நிராகரித்துவிடுமாறு டிமார்க் வழியாக அறிவித்தது. அன்றிலிருந்து, யாகூ முகவரி வைத்திருக்கும் ஒருவர் உங்கள் படிவத்தை நிரப்பினால், அந்த மடல் ஸ்பேம் பெட்டிக்குக்கூட வராமல் வாசலிலேயே திருப்பப்படலாம். 'உங்கள் செய்தி அனுப்பப்பட்டது, நன்றி' என்ற வாசகம் மட்டும் அவர் திரையில் தோன்றும்.

தீர்வு எளிது. அனுப்புநர் இடத்தில் உங்கள் சொந்த டொமைன் முகவரியே இருக்க வேண்டும். பார்வையாளரின் முகவரி 'பதில் அனுப்ப வேண்டிய முகவரி' என்ற இடத்தில் இருக்க வேண்டும். தளம் செய்து கொடுத்தவரிடம் இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார். மாற்றியபின், யாகூ முகவரி ஒன்றையும் ஜிமெயில் முகவரி ஒன்றையும் கொடுத்து நீங்களே படிவத்தை நிரப்பி, இரண்டும் வந்து சேர்கின்றனவா என்று பாருங்கள். படிவத்தில் எழுதப்படுவது மடலாகப் போவதோடு தளத்தின் தரவுத்தளத்திலும் பதிவாகும்படி செய்துவிட்டால், மடல் தொலைந்தாலும் விசாரணை தொலையாது.

சொந்த டொமைனுக்கு வரும் மடலை அப்படியே ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்து வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஃபார்வர்டு ஆகும்போது எஸ்பிஎஃப் முறிந்துவிடும். டிகிம் கையொப்பம் இருந்தால் மட்டுமே மடல் தப்பிக்கும். அதோடு, உங்கள் சர்வருக்கு வரும் குப்பை எல்லாம் சேர்ந்து ஜிமெயிலுக்குப் போவதால், குப்பை அனுப்பும் சர்வர் என்ற பெயரும் அதற்குக் கிடைத்துவிடுகிறது. ஃபார்வர்டைக் கைவிட்டு, ஐமேப் வழியாக இரண்டு கணக்குகளையும் ஒரே செயலியில் திறந்துவைப்பது மேல்.

மீட்கும்போது கவனம்

ஸ்பேம் பெட்டியில் தெரிந்த பெயரைக் கண்டதும் 'ஸ்பேம் அல்ல' என்று அழுத்திவிடக் கூடாது. பெயரை எவரும் எப்படியும் போட்டுக்கொள்ளலாம். முகவரியை முழுதாகப் பாருங்கள். பிறகு மூல வடிவத்தைத் திறந்து எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகியவற்றுக்கு எதிரே 'பாஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் மடல் நல்லது என்று பொருளில்லை. அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று மட்டுமே பொருள். வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று சொல்லும் மடல் எதுவாயினும், சொந்தச் சித்தப்பாவின் பெயரில் வந்திருந்தாலும், ஏற்கெனவே கையில் உள்ள தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம். அனுப்பிவிட்டது தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். அங்கே தாமதம் செய்யும் ஒவ்வொரு நிமிடமும் பணத்தை எட்டாத இடத்துக்குக் கொண்டுபோகும்.

நீங்கள் அனுப்புவது அங்கே போய்ச் சேர

நம் பதில் மறுபக்கத்தில் ஸ்பேமில் விழுந்தாலும் இழப்பு ஒன்றே. சொந்த டொமைன் இருந்தால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் ஹோஸ்டிங் நிறுவனத்தார் மூலம் அமைத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து, நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோருக்கு இம்மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் அளவு அதற்கு வெகு கீழேதான். ஆயினும் சிறிய அளவில் அனுப்புவோரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

கோயில் விழா அழைப்பையும் பொது வீட்டுக் கணக்கையும் பங்காளிகளுக்கெல்லாம் அனுப்பும் பொறுப்பில் இருப்பவர், முகவரிகளை மறைத்து நூறு பேருக்கு ஒரே மூச்சில் அனுப்புவதற்குப் பதிலாக, கூகுள் குரூப்ஸ் போன்ற குழு வசதியில் எல்லோரையும் ஒருமுறை சேர்த்துவிடலாம். தலைப்பில் வீட்டின் பெயரையோ கோயிலின் பெயரையோ எப்போதும் ஒரே எழுத்துக்கூட்டலில் போடுங்கள். பெறுபவர் அந்த ஒரு சொல்லுக்கு வடிகட்டி அமைத்துக்கொண்டால் போதும். 'அவசரம்' என்ற சொல்லையும் பெரிய எழுத்துகளையும் விடுங்கள். வில்லங்கச் சான்று, வரைபடம் போன்ற பெரிய கோப்புகளை கூகுள் டிரைவில் வைத்து, சுருக்கப்படாத முழு இணைப்பாகக் கொடுங்கள்.

அனுமதிப் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்துப் பாருங்கள். முகவரிகள் மாறுகின்றன, மாறிய முகவரி பழைய அனுமதியில் வராது, கைவிடப்பட்ட டொமைனை வேறொருவர் வாங்கிக்கொள்ளவும் கூடும். வங்கிகள் தம் இணையதளங்களை 'பேங்க்.இன்' என முடியும் டொமைனுக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதையொட்டி உங்கள் வங்கியின் மின்னஞ்சல் முகவரியும் மாறியிருக்கலாம். புதிய முகவரியை மடலில் வரும் இணைப்பைத் தொட்டு அறியாமல், வங்கித் தளத்தை நீங்களே திறந்து பார்த்தோ கிளையில் கேட்டோ தெரிந்துகொண்டு பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழையது பயன்பாட்டில் இல்லை என்று உறுதியானதும் நீக்கிவிடுங்கள்.